வாசகர் கேள்வி பதில்: பாலாறும் கடற்பாசியும்

கேள்வி: நான் பள்ளியில் தாவரவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் வேலம்பாசியைக் கண்ணாடிப் புனலுக்குள் வைத்து வெயிலில் நிறுத்தி, ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் குமிழ்கள் எழுவதை மாணவர்களுக்குக் காட்டுவேன். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நடக்கிறது என்று இந்த முறை சொன்னபோது, ஒரு மாணவி எழுந்து, "மெரினாவுக்குப் போயிருக்கேன் சார், மணலும் தண்ணீரும்தான் இருந்தது, ஒரு செடிகூட இல்லையே" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?
– ஆசிரியர், காட்பாடி

பதில்: மாணவி பார்த்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறாள். அவள் கால் நனைத்த அந்தத் தண்ணீருக்குள்தான் கடலின் பயிர் இருந்தது. வேரும் தண்டும் இலையும் இல்லாமல், வெறும் கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைச் செல்களாக மிதந்துகொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. மிதவைத் தாவரங்கள் என்றும் பைட்டோபிளாங்டன் என்றும் இவற்றைச் சொல்கிறோம்.

ஏன் இவ்வளவு சிறியவையாக இருக்கின்றன என்பதை மாணவர்களுக்கு விளக்குவது பயன் தரும். கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். மிகத் தெளிந்த நடுக்கடலில்கூட 200 மீட்டர் ஆழத்துக்குள் சூரிய ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கே எஞ்சுகிறது. கலங்கிய கரையோர நீரில் சில பத்து மீட்டர்களிலேயே இருட்டிவிடுகிறது. தரையில் வேரூன்றி வாழும் செடி கரையை ஒட்டிய ஒரு குறுகிய விளிம்பில் மட்டுமே பிழைக்க முடியும். மற்ற இடமெல்லாம் மிதக்கத் தெரிந்தவற்றுக்கே உரியது. மிதப்பவை, நீரில் மிக நீர்த்துக் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலின் மேற்பரப்பு வழியாகவே உறிஞ்ச வேண்டியிருக்கிறது. உடல் சிறுத்தால் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடும். மெதுவாக மூழ்கும் வசதியும் கிடைக்கும். ஆலமரம் போன்ற உடல் அங்கே ஒரு நாள்கூடத் தாங்காது.

இவற்றுள் மிகச் சிறியதான புரோகுளோரோகாக்கஸ் சுமார் 0.6 மைக்ரான் அளவே உள்ளது. அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 1,600 செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையால் முதலிடம் பெறும் இந்த உயிரை அறிவியல் உலகம் 1988 இல்தான் அறிந்துகொண்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. அதைவிடப் பெரிய டயாட்டம்களோ கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் தமக்கு ஓடு செய்துகொள்கின்றன. உலக ஒளிச்சேர்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றினுடையது என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

இப்போது பாதி என்ற கணக்குக்கு வருவோம். 1998 இல் வெளியான, இன்றும் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீட்டின்படி உலகத் தாவரங்கள் ஆண்டுக்குச் சேர்க்கும் கார்பன் சுமார் 10,500 கோடி டன். அதில் நிலத்தின் பங்கு சுமார் 5,640 கோடி டன், கடலின் பங்கு சுமார் 4,850 கோடி டன். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் உலகத் தாவரங்கள் அனைத்தையும் தராசில் வைத்தால், கடலில் மிதப்பவற்றின் எடை நூற்றில் ஒரு பங்குகூட வராது. இது எப்படி என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். வேலூர்க் கடைத்தெருவில் உள்ள மரவாடியையும் பூக்கடையையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள். மரவாடியில் அடுக்கிய கட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பூக்கடையில் எந்த நேரத்தில் பார்த்தாலும் நாலு கூடைதான் இருக்கும், ஆனால் காலையில் வந்த கூடை மாலையில் இருக்காது, மறுநாள் புதுச்சரக்கு வந்து இறங்கும். காடு மரவாடி, கடல் பூக்கடை. மிதவைத் தாவரம் ஓரிரு நாளில் இரண்டாகப் பிரிகிறது, சில நாள்களுக்குள் ஏதோ ஒன்றின் வாய்க்குள் போய்விடுகிறது. அதனால் இருப்பைப் பார்த்து எடை போட்டால் கடல் ஏழையாகத் தெரியும், வரவு செலவைப் பார்த்தால்தான் அதன் உண்மையான செல்வம் விளங்கும்.

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால், கடலுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு குப்பி நீர் எடுத்துவந்து காட்டுங்கள். பாலாறு கடலில் கலக்கும் வயலூர் முகத்துவாரத்தில் ஒரு முறை நான் எடுத்துவந்த நீரை இரவு முழுவதும் அசைக்காமல் வைத்து, மறுநாள் அடியில் படிந்ததில் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தேன். மூடியும் பெட்டியுமாகப் பொருந்திய கண்ணாடிச் சிமிழ் போன்ற டயாட்டம்கள், ஓட்டின் மேல் சீப்புப் பல் இழைத்ததுபோன்ற நுண்கோடுகள், உள்ளே தேன் நிறத்தில் பசுங்கணிகங்கள். அவற்றில் படகு வடிவம் கொண்ட ஒன்று, துடுப்போ வாலோ இல்லாமல், மணல் துகள் ஒன்றைச் சுற்றி மெல்ல வழுக்கிக்கொண்டு போனது. ஒரு வகுப்பு மாணவர்களுக்கு அந்தக் காட்சியைக் காட்டிவிட்டால் பிறகு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

கேள்வி: ரமலான் மாதத்தில் எங்கள் வீட்டில் நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சுவோம். ஊறவைத்து, கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் தானே உறைந்துவிடும். இது உண்மையிலேயே கடலில் விளையும் செடியா? எந்தச் செடி?
– வாசகி, ஆம்பூர்

பதில்: கடலில் விளைவதுதான், ஆனால் தாவரவியல் பார்வையில் செடி அன்று. கடைகளில் சைனா கிராஸ் என்றும் அகர் அகர் என்றும் விற்கும் அந்த வெண்ணிற இழைகள் சிவப்புப் பாசிகளின் செல்சுவரிலிருந்து காய்ச்சி எடுக்கப்படுபவை. நம் மன்னார் வளைகுடாப் பகுதியில் அகருக்கென எடுக்கப்படும் இரண்டு பாசிகளுக்கு மீனவ மக்கள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராமேசுவரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து இடுப்புப் பையில் சேர்க்கிறார்கள். ஆம்பூரில் நீங்கள் தட்டில் ஊற்றி, ஆறியபின் சாய்சதுரமாக வெட்டி வைக்கும் துண்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

செடி இல்லை என்று சொன்னதற்குக் காரணம் கூற வேண்டும். கடற்பாசிக்கு வேர் கிடையாது. அடியில் வேர்போலத் தெரிவது பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே, அது உணவை உறிஞ்சுவதில்லை. நீர் கடத்தும் குழாய்கள் இல்லை, பூவும் விதையும் இல்லை. உடல் முழுவதும் நீரில் நனைந்திருப்பதால் எல்லாப் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது. பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று பெரும் பிரிவுகளில் பச்சைப் பாசிதான் நிலத் தாவரங்களுக்கு நெருங்கிய உறவு. கட்டக்கோரை என்று மீனவர்கள் சொல்லும் சர்காஸம் முதலான பழுப்புப் பாசிகளோ, பார்ப்பதற்குச் செடிபோல இருந்தாலும், வம்சாவழியில் டயாட்டம்களுக்குத்தான் பங்காளி. கலிபோர்னியக் கரையோரத்தில் வளரும் ராட்சத கெல்ப் என்ற பழுப்புப் பாசி, நல்ல சூழ்நிலையில் ஒரே நாளில் அரை மீட்டர் நீளும். அதுவும் ஒரு பாசிதான்.

சிவப்பு நிறத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள சிவப்பு முதல் சில மீட்டர் நீரிலேயே அடங்கிவிடுகிறது. நீலமும் பச்சையுமே ஆழம் வரை செல்கின்றன. சிவப்புப் பாசியின் நிறமி அந்த நீலப்பச்சை ஒளியைப் பிடிக்கக்கூடியது. பகாமாஸ் தீவுகளுக்கு அருகே 1984 இல் 268 மீட்டர் ஆழத்தில் பாறைமேல் படிந்து வாழும் சிவப்புப் பாசி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். நண்பகலில்கூட நம் கண்ணுக்கு முழு இருட்டாகத் தெரியும் இடம் அது.

உங்கள் சமையலறைப் பொருள் வேலூரில் வேறொரு வீட்டிலும் தினமும் காய்ச்சப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை ஆய்வகங்களில் நோய்க்கிருமிகளை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் உறைந்திருப்பது இதே அகர்தான். முதலில் அதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். கோடை வெப்பத்தில் அது உருகியது, சில கிருமிகள் அதைத் தின்று நீராக்கின. 1881 இல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தோடு தொடர்புடைய வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவருக்கு அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தாம் பழக்கூழ் உறையவைக்கச் சேர்த்துவந்த அகரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். அகர் உருக 85 டிகிரி வெப்பம் வேண்டும், ஆனால் உருகியபின் 40 டிகிரிக்குக் கீழே வரும் வரை உறையாது. அதனால்தான் வேலூர்க் கத்திரி வெயிலிலும் உங்கள் கடல்பாசி தட்டில் குலையாமல் நிற்கிறது. சமையலறையிலிருந்து வந்த அந்த யோசனை நுண்ணுயிரியலை எவ்வளவு தூரம் முன்னே கொண்டுவந்தது என்பதை எண்ணும்போது, ஃபேனி ஹெஸ்ஸேயின் பெயர் பாடநூல்களில் இன்னும் பெரிய எழுத்தில் இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

கேள்வி: கடலுக்குள் பூ பூக்கும் செடிகள் உண்டா? உண்டு என்றால் அங்கே தேனீ ஏது, மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கும்?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: உண்டு. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நான் மிகவும் விரும்பிப் பதில் எழுதுவது இதற்குத்தான்.

கடற்புற்கள் என்று சொல்லப்படும் இவை உலகில் சுமார் 70 இனங்களே. பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் இனங்கள் இருக்கையில், உப்புநீரில் முழுவதும் மூழ்கி, அங்கேயே பூத்து, அங்கேயே விதைக்கக் கற்றவை இவ்வளவுதான். புல் என்று பெயர் இருந்தாலும் இவை நெல், அறுகு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. காட்பாடி ஆசிரியர் புனலுக்குள் வைக்கும் வேலம்பாசி இருக்கிறதே, அதன் குடும்பத்தில்தான் நம் பாக் நீரிணையில் வளரும் என்ஹாலஸ், தலாஸியா, ஹாலோஃபிலா ஆகிய கடற்புற்களும் வருகின்றன. தமிழில் பாசி என்று பெயர் பெற்ற வேலம்பாசி உண்மையில் பூக்கும் தாவரம்; நம் ஏரிகளில் கிடக்கும் அந்தச் செடிக்குப் பாம்பன் கடலில் தாயாதிகள் இருக்கிறார்கள்.

இவற்றின் மூதாதைகள் நிலத்தில் வாழ்ந்தவை. அங்கிருந்து நன்னீருக்கும் பின்னர் கடலுக்கும் திரும்பியவை. அதுவும் ஒரே முறையில் அல்லாமல், வெவ்வேறு கிளைகள் தனித்தனியே திரும்பியிருக்கின்றன. திரும்பியபோது நிலத்திலிருந்து சிலவற்றைக் கொண்டுசென்றன: உண்மையான வேர், மணலுக்குள் படர்ந்து செல்லும் மட்டத்தண்டு, நீர் கடத்தும் நரம்புகள், பூ, காய், விதை. சிலவற்றைக் கைவிட்டன. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்க நிலச்செடிகளுக்கு உள்ள இலைத்துளைகள் கடற்புல்லுக்கு இல்லை. ஈல்கிராஸ் என்னும் கடற்புல்லின் மரபணுத் தொகுதியை 2016 இல் முழுமையாகப் படித்தபோது, இலைத்துளை அமைப்பதற்கான மரபணுக்களே அதில் தொலைந்துபோயிருப்பது தெரியவந்தது. அதாவது இனி நிலத்துக்குத் திரும்பும் வழியையே அது மூடிக்கொண்டுவிட்டது.

மகரந்தச் சேர்க்கைக்கு வருவோம். நிலச்செடியின் மகரந்தம் பொதுவாக உருண்டையான தூள். பல கடற்புற்களின் மகரந்தமோ நூல்போல நீண்டது. ஈல்கிராஸில் ஒரு மகரந்த இழை சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும், வெறும் கண்ணுக்கே தெரியும். நீரோட்டத்தில் மிதந்து வரும் இழை, எதிர்ப்படும் சூல்முடியில் கொடியில் சேலை சிக்குவதுபோலச் சிக்கிக்கொள்கிறது. நம் கடலில் உள்ள என்ஹாலஸ் வேறு வழியைப் பின்பற்றுகிறது. அதன் ஆண்பூக்கள் அடியிலேயே காம்பறுந்து, அரிசிப்பொரி போன்ற வெண்துகள்களாக நீரின் மேல்மட்டத்துக்கு எழும்பி மிதக்கும். வற்றம் வந்து நீர் இறங்கும் வேளையில் நீண்ட காம்பின் முனையில் உள்ள பெண்பூ மேல்மட்டத்தைத் தொட்டு விரிய, மிதந்து வருபவை அதன் இதழ்களுக்குள் சறுக்கி விழும். சேர்க்கை முடிந்ததும் அந்தக் காம்பு சுருள்வில்போலச் சுருண்டு காயை அடிக்கு இழுத்துக்கொள்ளும். மண்டபம் கரையில் முழங்கால் ஆழத்தில் நின்று அப்படிச் சுருண்ட ஒரு காம்பை விரலால் மெல்ல நீட்டிப் பார்த்தேன். விட்டவுடன் மீண்டும் தன் இடத்துக்குச் சுருங்கிப் போயிற்று.

தேனீயைக் கேட்டீர்கள். மெக்சிகோ நாட்டவர் அடங்கிய ஆய்வுக் குழு ஒன்று 2016 இல் வெளியிட்ட முடிவின்படி, ஆமைப்புல் என்னும் கடற்புல்லின் பூக்களுக்கு இரவில் நுண்ணிய இறால் வகைக் குஞ்சுகளும் புழுக்களும் வந்து, மகரந்தத்தைச் சுற்றியுள்ள பசையைத் தின்னும்போது உடலில் ஒட்டிக்கொண்டதைப் பெண்பூவுக்குக் கொண்டுசேர்க்கின்றன. ஆகவே, கடலுக்கும் ஒரு வகைத் தேனீ உண்டு என்று உங்கள் தோழிகளிடம் துணிந்து சொல்லலாம்.

இவை உற்பத்தி செய்யும் உணவு மிதவைத் தாவரங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறு பங்கே. ஆனாலும் சில செயல்களை இவை மட்டுமே செய்ய முடிகிறது. வேரால் மணலைப் பிடித்துவைக்கின்றன. இலைகளுக்கிடையே மீன்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் இடம் தருகின்றன. உதிர்ந்த இலையையும் வேரையும் காற்றுப்புகாத சேற்றில் புதைத்துக் கார்பனை நூற்றாண்டுக்கணக்கில் பூட்டிவைக்கின்றன. கடலடிப் பரப்பில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில் இருந்துகொண்டு, கடலில் ஆண்டுதோறும் புதையும் கரிமத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இவை புதைப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சுமார் 180 கிலோமீட்டர் தூரம் பரவிக் கிடக்கும் கடற்புல் முழுவதும் ஒரே விதையிலிருந்து படர்ந்த ஒரே செடி என்று 2022 இல் அறிவித்தார்கள். அதன் வயது குறைந்தது 4,500 ஆண்டுகள்.

இந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவை, அதாவது மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் விலங்கை, காப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. வளர்ந்த ஓர் ஆவுளியா நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். அடிமணலை வாரி இழுக்கும் மடிவலைகளும், கரையிலிருந்து வரும் சேறும் கழிவும் இந்த மேய்ச்சல் நிலத்தை அரித்துவருகின்றன. காப்பகம் என்ற அறிவிப்பு காகிதத்தோடு நிற்காமல் அடிமணல் வரை போய்ச் சேர வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

கேள்வி: வேலூர்க் கோட்டை அகழியில் நீர் பச்சையாக இருப்பதும், கடலில் நீங்கள் சொல்லும் மிதவைத் தாவரமும் ஒன்றா?
– வாசகர், வேலூர்

பதில்: தொழில் ஒன்று, இனங்கள் வேறு. தேங்கிய நன்னீரில் கழிவு வழியாக நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்தால் பச்சைப் பாசிகளும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பெருகி நீரையே நிறமாக்கும். நடுக்கடல் நீர் ஆழ்ந்த நீலமாகத் தெரிகிறது என்றால், அங்கே அவை குறைவாக இருக்கின்றன என்று பொருள். கண்ணுக்குக் குளிர்ச்சியான நீலக் கடல், மீனுக்கு வறண்ட நிலம்.

கேள்வி: 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நேரில் பார்த்தேன். எவ்வளவு நீர்! அத்தனையும் வீணாகக் கடலில் கலந்துவிட்டதே என்று இன்றும் மனம் ஆறவில்லை. கடலுக்கு அந்த நீரால் ஏதாவது பயன் உண்டா?
– விவசாயி, ஆற்காடு

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆண்டில் பெரும்பாலான நாள்கள் மணலாகவே கிடக்கும் ஆற்றின் கரையில் வாழ்பவர், கரைபுரண்ட நீரைப் பார்க்கும்போது அப்படி நினைக்காமல் இருக்க முடியாது. ஏரிகளை நிரப்பியிருக்க வேண்டும், நிலத்தடிக்கு இறக்கியிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வீண் என்ற சொல்லை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நந்திமலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக 348 கிலோமீட்டர் கடந்து வயலூரில் கடலைச் சேரும் பாலாறு, நீரை மட்டும் சுமந்து செல்வதில்லை. நம் பகுதியின் மலைகள் கருங்கல்லும் அதன் இனப் பாறைகளும் ஆனவை. மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அந்தப் பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தை மெல்ல அரிக்கும்போது, களிமண் மிஞ்சுகிறது, சிலிக்காவின் ஒரு பகுதி கரைந்து நீரோடு போகிறது. கண்ணுக்குத் தெரியும் ஆற்று மணலான குவார்ட்ஸ் எளிதில் கரையாது. கரைந்து போவது, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிலிக்காதான். முன்பே சொன்ன டயாட்டம்கள் தம் ஓட்டைச் செய்ய இதையே நம்பியிருக்கின்றன. கடலுக்குச் சிலிக்கா வந்துசேரும் வழிகளில் முதன்மையானவை ஆறுகள். இன்று வயலூர்க் கரையில் ஒரு டயாட்டம் ஓடு செய்துகொள்கிறது என்றால், அதில் நம் மலையின் துகள் இருக்க இடமுண்டு. அந்த டயாட்டம்மைச் சிற்றிறால் இனமான கோபிபாடுகள் தின்னும், அவற்றை நெத்திலியும் மத்தியும் தின்னும்.

ஆறு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து ஒரு பாடம். நைல் ஆற்றின் ஆண்டு வெள்ளம் மத்தியதரைக் கடலில் கலக்கும் இலையுதிர் காலத்தில், அதன் முகத்துவாரத்துக்கு வெளியே டயாட்டம்கள் பெருகும். அதைத் தேடி மத்தி இன மீன்கள் கூட்டமாக வரும். 1962 இல் எகிப்தியக் கரையில் பிடிபட்ட அந்த மீன் சுமார் 18,000 டன். 1960களின் நடுவில் அஸ்வான் உயர் அணை வெள்ளத்தைத் தடுத்தபின், ஒரு சில ஆண்டுகளிலேயே அது ஆயிரம் டன்னுக்கும் கீழே இறங்கியது. அணையால் எகிப்து பெற்ற பாசனமும் மின்சாரமும் உண்மை. கரையில் வலையோடு நின்றவர்கள் இழந்ததும் உண்மை. 1980களில் மீன்பிடிப்பு மீண்டது, ஆனால் வயல்களிலிருந்து வடிந்த உரமும் நகரங்களின் கழிவுநீருமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நல்ல வண்டலின் இடத்தை அழுக்கு பிடித்துக்கொண்ட மீட்சி அது.

சிலிக்காவின் முக்கியத்துவத்தை நம் நாட்டு விஞ்ஞானிகளே ஒரு பெரிய சோதனையில் நேரில் கண்டார்கள். தென்பெருங்கடலில் பல இடங்களில் நைட்ரேட் இருந்தும் இரும்பு போதாமல் பாசி வளர்வதில்லை. 2009 தொடக்கத்தில் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் லோஹாஃபெக்ஸ் என்ற பெயரில் அங்கே சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைத் தூவின. பாசி பெருகியது, ஆனால் அந்த நீரில் சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்ததால் டயாட்டம்கள் எழவில்லை. ஓடில்லாத மென்மையான பாசிகளே பெருகின, அவற்றைக் கோபிபாடுகள் உடனே மேய்ந்து தீர்த்தன. ஆழ்கடலுக்குள் மூழ்கும் என்று எதிர்பார்த்த கார்பன் மிகக் குறைவாகவே மூழ்கியது. விவசாயியான உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: யூரியா மட்டும் போட்டு, மற்ற சத்து இல்லாத வயலில் பயிர் எப்படி நிற்கும்?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆற்றுநீர் எல்லா வகையிலும் கடலுக்கு நன்மையே என்று சொல்லிவிட முடியாது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகள் கொட்டும் நன்னீர் எடை குறைந்தது என்பதால் வங்காள விரிகுடாவின் மேல் மூடிபோலப் படர்ந்து நிற்கிறது. அடியில் உள்ள சத்துமிக்க குளிர்நீர் மேலே வர அது இடம் தருவதில்லை. அரபிக் கடலிலோ தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, அடிநீர் எழும்பி வருகிறது. கேரளக் கரையில் மத்தி கொழிக்க அதுவே காரணம். எனவே முகத்துவாரத்தை ஒட்டிய நீருக்கு ஆறு ஊட்டம். தொலைவில், நடு விரிகுடாவுக்கு அதே நன்னீர் தடை. அதோடு ஆற்றில் வருவது மலையின் சத்தாக இருக்கும் வரைதான் இந்த வாதம் நிற்கும். சாக்கடையும் தொழிற்கழிவும் கலந்த நீர் கடலுக்குப் போவதை எந்தக் கணக்கிலும் ஊட்டம் என்று எழுத முடியாது. பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இதை நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கடல் பாசிகள் அழிந்தால் நாம் மூச்சுவிட ஆக்சிஜனே இருக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?
– இல்லத்தரசி, ராணிப்பேட்டை

பதில்: நீங்கள் பயப்பட வேண்டாம். உலகில் புதிதாக உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி கடலில் உண்டாகிறது என்பது சரி. ஆனால் அதை விளைவித்த பாசியைத் தின்னும் உயிர்களும், இறந்ததை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் கிட்டத்தட்ட அதே அளவு ஆக்சிஜனைக் கடலிலேயே செலவழித்துவிடுகின்றன. நிலத்துக் காடுகளின் கணக்கும் அப்படித்தான். நாம் இன்று சுவாசிக்கும், காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கி, மட்காமல் புதைந்துபோன உயிர்ப்பொருளுக்கு ஈடாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பழைய சேமிப்பு. உலகில் உயிரோடு உள்ள அனைத்தையும் எரித்தாலும் அந்தச் சேமிப்பில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது.

அந்தச் சேமிப்பைத் தொடங்கிவைத்தவை கடலின் நீலப்பச்சை நுண்ணுயிர்களே. அந்த நன்றிக்கடன் நமக்கு உண்டு. இன்று அவை குறைந்தால் முதலில் தட்டுப்பாடு வருவது மூச்சுக்கு அல்ல, மீனுக்கு. கடலின் மேல்நீர் சூடாகி அடிநீரோடு கலப்பது குறையும்போது சத்து மேலே வருவதும் குறைகிறது. கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். வந்த செய்தியை அனுப்பியவருக்கு இதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வேலூர் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் விற்கும் விலைக்கு மத்தி எவ்வளவோ மலிவு. கடலில் இரண்டும் ஒன்றாகத்தானே வளர்கின்றன?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: விலையில் ருசிக்கும் தேவைக்கும் பங்கு உண்டு. ஆனால் கடல் செலவழித்ததைப் பார்த்தாலும் வஞ்சிரம் விலை உயர்ந்த மீன்தான். ஓர் உயிர் தின்னும் உணவில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கே அதன் உடலாக மாறுகிறது என்று பொதுவாகக் கொள்கிறோம். ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பத்துக் கிலோ நெத்திலியும் மத்தியும் வேண்டும். அவற்றுக்கு நூறு கிலோ கோபிபாடு. அவற்றுக்கு ஆயிரம் கிலோ மிதவைத் தாவரம். மத்தி டயாட்டம்களை நேரடியாகவும் செவுளால் வடிகட்டி உண்பதால், அதன் கணக்கில் ஒரு படி பெரும்பாலும் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாள்களில் நம் ஊருக்கு வரத்து குறைந்து எல்லா மீனும் விலை ஏறும். அப்போது மத்தி கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, அதுவும் பாசியா?
– பள்ளி மாணவர், திருப்பத்தூர்

பதில்: நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிர் அது. அசைவு பட்டால் ஒளிரும். அது மற்ற நுண்ணுயிர்களை விழுங்கி வாழும் உயிர். ஆனால் அதன் பச்சை வகைக்குள்ளே ஆயிரக்கணக்கான நுண்பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து அதற்கும் உணவு தருகின்றன. மன்னார் வளைகுடா மீனவர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். அளவு மீறிப் படர்ந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கும், 2019 இல் அங்கே அப்படியும் நடந்தது. அடுத்த முறை செய்தி வந்து சென்னைக்குப் போனால், நிலா இல்லாத இரவாகப் பார்த்து, தெருவிளக்குக்கு அப்பால் தள்ளி நின்று, கண் இருட்டுக்குப் பழகியபின் ஈரமணலைக் காலால் தேய்த்துப் பாருங்கள். அலை ஒளிராத நேரத்திலும் உங்கள் காலடியில் புள்ளிகள் மின்னக்கூடும்.